வாசகர் கேள்வி பதில்: படகுக்கு வீடு கட்டிய ஊர்

ஜப்பானில் இனே என்னும் மீனவ ஊரில் ஒரு வாரம் தங்கியதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். கடலை ஒட்டி நிற்கும் வீடுகள், ஆள் குறைந்துகொண்டே வரும் தெருக்கள் என்று பத்து வரிகளில் அது முடிந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு இராமநாதபுரம் கரை நெடுகிலுமிருந்து வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

"ஐயா, கடலுக்குள்ளேயே வீட்டைக் கட்டினால் அலை அடித்துக்கொண்டு போய்விடாதா? அந்த ஊரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்."
— தேவிபட்டினம் வாசகர்

பாக் விரிகுடாவான வடகடலைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவான தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்லிப் பழகிய உங்களுக்கு இதை விளக்குவது எளிது. வாடைக் காலத்தில் வடகடல் பொங்கும்போது தென்கடல் அடங்கிக் கிடக்கும் அல்லவா? இனேயின் விரிகுடாவும் அப்படிக் காற்றுக்கு முதுகு காட்டி அமைந்த ஒன்று. கியோட்டோ நகரிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் போனால் வரும் டாங்கோ தீபகற்பத்தில், ஜப்பான் கடலின் ஓரத்தில் இந்த ஊர் இருக்கிறது. குளிர்காலத்தில் அந்தக் கடல் மீது வடமேற்குக் காற்று வெறிகொண்டு வீசும். ஆனால் இனேயின் விரிகுடா தெற்குப் பார்த்தது. மூன்று பக்கமும் மலை. வாயிலில் ஆவோஷிமா என்ற சிறு தீவு அலைதடுப்பு போலக் குறுக்கே நிற்கிறது. ஜப்பான் கடலில் ஏற்ற வற்றமும் மிகக் குறைவு, அரை மீட்டர் அளவுதான். ஆகவே வீட்டு வாசலில் தண்ணீர் ஏறுவதுமில்லை, வாசலை விட்டு விலகிப் போவதுமில்லை.

இந்த விரிகுடாவைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்துக்கு, சுமார் 230 படகு வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. 'ஃபுனாயா' என்பது அவற்றின் பெயர். சொல்லுக்குச் சொல் படகு வீடு என்றே பொருள். இது மனிதருக்காகக் கட்டிய வீடு அல்ல. கீழ்த்தளத்தின் தரை கடலை நோக்கிச் சரிந்து தண்ணீருக்குள் இறங்கும். மரப்படகை அந்தச் சரிவில் இழுத்து ஏற்றி, மழையும் பனியும் படாமல் காயவைப்பார்கள். மேல்தளம் வலைக்கும் கயிற்றுக்குமானது. குடும்பம் வாழும் வீடு பின்னால், மலையடிவாரத்தில். இரண்டுக்கும் நடுவே இப்போது போகும் சாலை 1930-களில் வந்தது. அதற்கு முன் அடுத்த வீட்டுக்குப் போவதற்கும் படகுதான். 2005-இல் ஜப்பான் அரசு இந்த ஊரை மரபுக் கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. ஒரு மீனவ ஊருக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை.

நான் தங்கியது அப்படி ஒரு வீட்டின் மேல்தளத்தில். நள்ளிரவில் பாய்க்குக் கீழே தண்ணீர் 'சளக், சளக்' என்று தட்டும் ஓசை கேட்டு விழித்துக்கொண்டேன். விடிந்ததும் அந்த வீட்டு மூதாட்டி கீழே இறங்கி, சரிவின் ஓரத்தில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தார். கம்பிக்கூடு ஒன்று மேலே வந்தது. முந்தின நாள் சமையலில் மிஞ்சிய மீன்தலைகளை உள்ளே போட்டு இரவில் இறக்கி வைத்திருக்கிறார். அதில் மூன்று சிறு மீன்கள் துடித்துக்கொண்டிருந்தன. அதை அங்கே 'மொந்தோரி' என்கிறார்கள். கீழக்கரைப் பக்கம் கூடு வைத்து மீன் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. வித்தியாசம் ஒன்றுதான்: அவர் அடுப்படியிலிருந்து பத்து அடி நடந்து கூட்டைத் தூக்கிவிட்டார்.

"இத்தனை அழகான ஊரை விட்டு ஏன் போகிறார்கள்? கடலில் மீன் இல்லாமல் போய்விட்டதா?"
— ஏர்வாடி வாசகர்

மீன் குறைந்ததும் ஒரு காரணம். 1984-இல் ஜப்பானின் மொத்த மீன் உற்பத்தி சுமார் 1.28 கோடி டன். 2022-இல் அது 40 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. தூரக் கடல்களை மற்ற நாடுகள் தங்கள் பொருளாதார மண்டலமாக அறிவித்து மூடியதும், மத்தி கூட்டம் கூட்டமாக மறைந்ததும், கடல் சூடேறியதும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. ஆனால் இனேயில் இன்றும் மீன் இருக்கிறது. விரிகுடாவின் வாய்ப்பக்கம் விரித்திருக்கும் பெரிய நிலைவலையை விடியலில் கூட்டாக இழுக்கிறார்கள். குளிர்காலத்தில் 'புரி' என்னும் மீனுக்கு, நம் பாறை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது அது, நல்ல விலை கிடைக்கிறது. படகு வந்ததும் ஊர்ப் பெண்கள் வாளியோடு துறைக்கு வந்து, அன்றைய குழம்புக்கு வேண்டியதை அங்கேயே வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

குறைந்தது மனிதர்கள். 1954-இல் நான்கு கிராமங்களைச் சேர்த்து இனே நகராட்சி அமைந்தபோது இருந்த மக்கள்தொகையில் இப்போது பாதிகூட இல்லை. சுமார் 2,000 பேர்தான். மேல்படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் நகரத்துக்குப் போன பிள்ளைகள் அங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்டார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு வயது ஏற, பிறப்பு குறைந்தது. நாடு முழுவதுமே அந்த நிலைதான்: 2024-இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 7 லட்சத்துக்கும் கீழே, 2023 கணக்கெடுப்பின்படி ஆளில்லாத வீடுகள் சுமார் 90 லட்சம். பாதிப் பேருக்கு மேல் 65 வயதைக் கடந்துவிட்ட ஊரை 'கென்காய் ஷூராகு' என்கிறார்கள். இதற்கு மேல் தாங்காது என்னும் விளிம்பில் நிற்கும் ஊர் என்று பொருள். ஒரு சமூகவியல் அறிஞர் உருவாக்கிய அந்தச் சொல் இன்று அங்கே டீக்கடைப் பேச்சுவரை வந்துவிட்டது.

நம் கரையில் ஊர் போனது என்றால் 1964 டிசம்பரின் தனுஷ்கோடிதான் நினைவுக்கு வரும். ஒரே இரவில் கடல் ஏறி வந்து எடுத்துக்கொண்டது. அப்படிப் போன ஊருக்கு அழுவதற்கு ஒரு தேதி உண்டு. ஆண்டுக்கு ஒரு வகுப்பறை, இரண்டு வீடு என்று மூடிக்கொண்டே போகும் ஊருக்கு அந்தத் தேதிகூடக் கிடைப்பதில்லை என்பதுதான் இனேயின் தெருக்களில் நடந்தபோது என்னை மிகவும் வாட்டியது.

இங்கே நம் நிலைமை வேறு என்று தோன்றலாம். படகும் ஆளும் கூடிப்போய், மீன்பாடு போதாமல் தவிக்கிறோம். ஆனாலும் இரண்டு கரையிலும் தகப்பன்மார் ஒன்றையே சொல்கிறார்கள்: "இந்தத் தொழில் என்னோடு போகட்டும்." அந்த வாக்கியம்தான் ஒரு மீனவ ஊரைக் காலி செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளை போவதைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திரும்பி வர நினைத்தால் அவனுக்கென்று ஒரு துண்டுக் கடலாவது மிஞ்சியிருக்க வேண்டும். ஜப்பானில் 1949-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் கரையோரக் கடலில் மீனும் சிப்பியும் பாசியும் எடுக்கும் உரிமையை அந்தந்த ஊரின் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கே கொடுத்தது. வெளியூர்க்காரர் அதில் கைவைக்க முடியாது. தமிழ்நாட்டிலும் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது. அந்த எல்லை நாட்டுப்படகுக்காரர்களின் சொத்து. இழுவைமடி கரைவரை வந்து குஞ்சும் குருமானுமாக அரித்துக்கொண்டு போகிறது என்று வள்ளக்காரர்கள் முறையிடுவதை நான் சிறுவனாக இருந்தபோதும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

"ஆள் இல்லை என்கிறீர்களே, எங்கள் பையன்கள் அங்கே மீன்பிடி வேலைக்குப் போக முடியுமா?"
— மண்டபம் வாசகர்

வழி இருக்கிறது. 2019-இல் ஜப்பான் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன்' விசாவில் மீன்பிடியும் ஒரு துறை. 2021-இல் இந்தியாவும் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்விலும் தொழில் தேர்விலும் தேற வேண்டும். முதல் வகை விசாவில் மொத்தம் 5 ஆண்டுகள் வரை இருக்கலாம், குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. மொழி தெரியாமலே அனுப்பிவைக்கிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

"நான் முப்பது வருடமாகப் பாசிக்குப் போகிறேன். அங்கே பொம்பளைகளும் கடலில் இறங்குவார்களா?"
— பாம்பன், சின்னப்பாலம் வாசகி

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் பிரித்தேன். மனம் நிறைந்து பதில் எழுதவே கடைசியாக வைத்தேன். இறங்குகிறார்கள். இனேயில் அல்ல, நாட்டின் இன்னொரு பக்கத்தில் மியே மாநிலத்தின் தோபா, ஷிமா கரைகளில். 'ஆமா' என்று பெயர். அதை எழுதும் முறையில் கடல், பெண் என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. காற்றுக் குழாய் இல்லை. மூச்சை அடக்கி முங்கி, ஒருவகைப் பெருஞ்சிப்பியும் பாசியும் எடுத்து, மேலே வந்ததும் மூச்சை மெல்ல விடுவார்கள். அது சீழ்க்கை போல ஒலிக்கும். எழுபது வயதைக் கடந்தும் முங்குகிறவர்கள் உண்டு.

அவர்கள் எடுக்கும் 'தெங்குசா' பாசி, நீங்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசிக்கு உறவு. இரண்டையும் காய்ச்சினால் வருவது அகர். கீழக்கரையில் நோன்பு திறக்கும்போது பாலும் சீனியும் சேர்த்துக் கடல்பாசி என்று வில்லை வில்லையாக வைப்பார்களே, அதேதான். நீங்கள் விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, பாறையிடுக்கில் கைவிடுவதை அவர்கள் பார்த்தால் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்காது. மியேயில் 10.6 சென்டிமீட்டருக்குக் குறைந்த சிப்பியை எடுக்கக் கூடாது என்று விதி உண்டு. முங்கும் நாளையும் நேரத்தையும் ஊரே கூடித் தீர்மானிக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்கா ஆன பிறகு எத்தனையோ தடைக்கும் தண்டத்துக்கும் நடுவே, பாசி திரும்ப வளர அவகாசம் விட்டு எடுக்க வேண்டும் என்று நீங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டீர்கள். உங்கள் ஊர்ப் பெண் ஒருவருக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்ததும் அந்தப் பாடுகளுக்காகத்தான்.

1956-இல் ஜப்பான் முழுவதும் சுமார் 17,000 ஆமாக்கள் இருந்தார்கள். இப்போது 2,000-க்கும் கீழே. மகள்கள் வரவில்லை, தாய்மாரும் வரச்சொல்லவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், மகளைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறேன், அவளைக் கடலில் இறங்க விடமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உப்பில் வெந்த உங்கள் விரல்கள் எழுதிய வரி அது. அதை மறுத்துப் பேச எனக்கு உரிமையில்லை. அவளுக்கு நீந்தவாவது சொல்லிக்கொடுத்தீர்களா என்பதை மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.