மொரீஷியஸின் 'பெஸ்ட் லூசர்' இடங்கள் இனக் கலவரத்தைத் தடுத்தனவா?

கேள்வி: சிறுபான்மை இனங்களுக்கு நாடாளுமன்றத்தில் இடம் உறுதிசெய்தால் மோதல் வராது என்பதற்கு மொரீஷியஸை உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே வாழும் தமிழர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

பாதி உண்மை. இடம் உறுதியாக இருந்தது பெரிதும் உதவியது. ஆனால் நாடு அமைதியானது அதனால் மட்டுமல்ல. நான் ரோஸ் ஹில்லில் வாழும் தமிழன், இங்கே ஓட்டுப் போடுகிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1948 தேர்தலில் சட்டசபைக்குத் தேர்வான 19 பேரில் ஒரு முஸ்லிம்கூட இல்லை. சுதந்திரம் நெருங்கியபோது, "வெள்ளைக்காரன் போன பிறகு எங்கள் கதி என்ன?" என்று முஸ்லிம்களும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான கிரியோல்களும், சீனர்களும் கேட்டார்கள். முஸ்லிம் தலைவர் அப்துல் ரசாக் முகமது பல ஆண்டுகள் விடாமல் எழுப்பிய கேள்வி இது. 1966இல் தேர்தல் முறையை வகுக்க பான்வெல் ஆணைக்குழு வந்தது. அதன் பரிந்துரையைத் திருத்தி உண்டாக்கியதுதான் இந்த 'பெஸ்ட் லூசர்' முறை.

கணக்கு இதுதான். மொரீஷியஸ் தீவில் 20 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் மூன்று உறுப்பினர். ரொட்ரிக்ஸ் தீவுக்கு இரண்டு. மொத்தம் 62. இதற்கு மேல் எட்டு இடங்கள் வரை, தோற்றவர்களில் அதிக வாக்கு வாங்கியவர்களுக்குக் கொடுக்கலாம். யாருக்கு என்பதை இனக் கணக்குதான் முடிவு செய்யும். ஒரு சமூகத்தின் மக்கள் தொகையை, அது ஏற்கெனவே வென்ற இடங்களோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுப்பார்கள். எந்தச் சமூகத்துக்கு விடை பெரிதாக வருகிறதோ, அதற்குத்தான் குறை அதிகம், அடுத்த இடம் அதற்கு. முதல் நான்கு இடங்களுக்குக் கட்சி பார்ப்பதில்லை. அடுத்த நான்கு, முதல் நான்கால் கட்சிகளின் பலம் மாறிவிடாதபடி சமன் செய்வதற்கு. இது ஒரு நல்ல ஏற்பாடு: சிறுபான்மைக்கு இடம் கிடைக்கும், தேர்தலில் வென்றவர் பெரும்பான்மையும் போகாது.

சரி, இது கலவரத்தைத் தடுத்ததா? உதாரணம் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. 1967 ஆகஸ்ட் தேர்தலிலேயே இந்த முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் 1968 ஜனவரியில், சுதந்திரத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், போர்ட் லூயிஸில் முஸ்லிம்களுக்கும் கிரியோல்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. பிளேன் வெர்ட்டில் இருந்த கிரியோல் குடும்பங்களும் ரோஷ் புவாவில் இருந்த முஸ்லிம் குடும்பங்களும் வீட்டை விட்டு ஓடின. அந்தக் குடியிருப்புகளின் முகம் அப்போது மாறியதுதான். சபையில் நாற்காலி இருந்தும் இதைத் தடுக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு நடந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சுதந்திரத்தை எதிர்த்து நின்ற பி.எம்.எஸ்.டி. கட்சிக்கு 1967இல் சுமார் 44 சதவீத வாக்கு விழுந்திருந்தது. அதில் கிரியோல்களும் வெள்ளையரும் சீனரும் நிறைய. எங்கள் தமிழர்களிலும் கணிசமானவர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் 'இது எங்கள் நாடே இல்லை' என்ற மனநிலையில் இருக்கும்போது எப்படி ஆள்வது? பிரதமர் ராம்கூலம் 1969இல் அந்தக் கட்சியையே அரசில் சேர்த்தார். அதன் தலைவர் கெய்தான் துவால் வெளியுறவு அமைச்சரானார். வெளியே நின்று கத்திய கூட்டம் அமைச்சரவை மேசையில் உட்கார்ந்தது. இதற்கு விலையும் கொடுத்தோம். வர வேண்டிய பொதுத் தேர்தல் 1976 வரை தள்ளிப்போனது, நடுவில் அவசரநிலையும் வந்தது. அந்த விலை நியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்சியில் பங்கு கொடுத்தது சரி.

இலங்கையை இதோடு வைத்துப் பாருங்கள். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களில் வென்றது, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரே ஆனார். அதனால் 1983 நின்றதா? கலவரத்துக்குப் பிறகு, தனிநாடு கேட்க மாட்டோம் என்று உறுதிமொழி கேட்கும் ஆறாவது அரசியலமைப்புத் திருத்தத்தைக் கொண்டுவந்து, அந்த உறுப்பினர்களையும் சபைக்கு வெளியே தள்ளினார்கள். எண்ணிக்கை இருந்தது, முடிவெடுக்கும் இடத்தில் பங்கு இல்லை. எனக்கு இது மிகவும் வலிக்கிற ஒப்பீடு.

இனி எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மொரீஷியஸ் அரசியலமைப்பில் தமிழர் என்று ஒரு பிரிவே கிடையாது. இந்து, முஸ்லிம், சீனர் என்று மூன்று பிரிவுகள். இவற்றில் சேராத மற்றவர்கள் எல்லாரும் 'ஜெனரல் பாப்புலேஷன்' என்ற நான்காவது பிரிவு. காவடி எடுக்கும் தமிழர் இந்துக் கணக்கில் சேர்கிறார், கிறிஸ்தவத் தமிழர் கடைசிப் பிரிவில் போகிறார். ஆக, பெஸ்ட் லூசர் இடம் தமிழன் என்பதற்காக எங்களுக்குக் கிடைக்காது. ஆனாலும் தமிழரான ரெங்கநாதன் சீனிவாசன் 1950களில் தொழிற்கட்சியின் முன்னணித் தலைவராக இருந்தார், அவர் படம் இன்று நூறு ரூபாய்த் தாளில் இருக்கிறது. 1992இல் குடியரசானபோது முதல் ஜனாதிபதி, தமிழரான வீராசாமி ரிங்காடு. எப்படி? வாக்குச் சீட்டைப் பார்த்தால் புரியும். ஒவ்வொருவரும் மூன்று பேருக்குக் கட்டாயம் ஓட்டுப் போட வேண்டும், இரண்டு போட்டால் செல்லாது. நீளமான சீட்டில் பெயர்களுக்குப் பக்கத்தில் இதயம், சாவி, சூரியன், சேவல் என்று சின்னங்கள். ஒரு கட்சி மூன்று பேரையும் ஒரே சமூகத்தில் நிறுத்தினால் மற்ற வாக்காளர் கை நழுவுவார்கள். அதனால் எங்கள் பக்கமெல்லாம் மூன்று பேரையும் கலந்துதான் நிறுத்துகிறார்கள். பெஸ்ட் லூசர் சூத்திரத்தைவிட இந்தக் கட்டாயம்தான் தமிழர்களுக்கு வழி திறந்தது.

எங்களில் சிலர் தமிழருக்குத் தனிப் பிரிவு கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்று நாம், நாளை தெலுங்கர், பிறகு மராத்தியர் என்று போனால், ஒவ்வொரு வேட்பாளரும் தன் சமூகத்துக்கு மட்டும் பேசினால் போதும் என்றாகிவிடும்.

ஆனால் மரியாதையில் கை வைத்தால் தமிழர் சும்மா இருக்க மாட்டார்கள். 1998இல் மத்திய வங்கி வெளியிட்ட ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்து, இந்தி எழுதும் தேவநாகரிக்குக் கீழே போய்விட்டது. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களாக வந்து போர்ட் லூயிஸைக் கட்டியவர்கள் நாம், நம் எழுத்தை ஏன் பின்னுக்குத் தள்ளினாய் என்று பெரிய எதிர்ப்பு. தாள்களைத் திரும்பப் பெற்று, 1999இல் ஆங்கிலம், தமிழ், தேவநாகரி என்ற வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள். பிரச்சினை பேச்சிலேயே முடிந்தது.

அதே 1999 பிப்ரவரியில் வேறொன்று நடந்தது. கிரியோல் பாடகர் காயா காவல்நிலையக் கொட்டடியில் இறந்தார், நாடு பல நாள் பற்றி எரிந்தது. கிரியோல்களுக்குச் சபையில் ஆள் இல்லாமலா? இருந்தார்கள். ஆனால் 'ஜெனரல் பாப்புலேஷன்' என்ற ஒரே பெட்டியில் சர்க்கரை ஆலை வைத்திருந்த வெள்ளையரும், ரோஷ் புவாவின் ஏழைக் கிரியோலும் சேர்ந்து கிடக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு எத்தனை இடம் கொடுத்தாலும் அந்த ஏழைக்கு வேலையும் வீடும் வந்துவிடாது, காவல்துறை அவனை மதிக்கவும் போவதில்லை.

இப்போதைய முறையின் பெரிய குறை, அது இன்னமும் 1972 மக்கள் தொகைக் கணக்கை வைத்து ஓடுவது. அதன்பின் சமூகவாரிக் கணக்கு எடுக்கவே இல்லை. வேட்பு மனுவில் 'சமூகம்' என்ற கட்டத்தை நிரப்ப மறுத்த நூற்றுக்கும் மேற்பட்டோரின் மனுக்கள் 2010இல் நிராகரிக்கப்பட்டன. இதேபோல் 2005 தேர்தலில் மனுக்களை நிராகரித்ததை ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் உரிமை மீறல் என்றது. 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிக விலக்கு கொடுத்தார்கள், நிரந்தரத் தீர்வு இன்னும் வரவில்லை.

எடுத்துவிடலாமே என்பவர்களுக்கு 2024ஐக் காட்டுவேன். ஒரே கூட்டணி தீவின் 60 இடங்களையும் அள்ளியது. தோற்ற ஆளுங்கட்சிக்குச் சபையில் குரல் கிடைத்ததே பெஸ்ட் லூசர் வழியாகத்தான். அந்தத் தேர்தலுக்குப் பின் எதிர்க்கட்சித் தலைவரான ஜோ லெஸ்ஜொங்கார் அப்படி உள்ளே வந்தவர். ஆகவே முதலில் கட்சிகளின் வாக்கு விகிதத்துக்கு ஏற்ப கூடுதல் இடங்கள் தரும் சட்டம் வரட்டும். அது ஒரு தேர்தலிலாவது ஓடி, முஸ்லிம்களும் சீனர்களும் கிரியோல்களும் நம்பிக்கை வைத்த பிறகு, இனக் கட்டத்தை மனுவிலிருந்து நீக்கலாம். வரிசை மாறினால் நான் எதிர்த்து ஓட்டுப் போடுவேன்.