பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர்கள் காட்டுத் தீயணைப்பு வேலைக்குப் பயிற்சி எடுக்க முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வி இது: அண்ணன் 21 ஆண்டு இராணுவ சேவை முடித்துவிட்டு மலேசியாவில், சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவுக்கு (நம்மவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) திரும்புகிறார். அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்குக் காட்டுத் தீ அணைக்கவும் காட்டைப் பராமரிக்கவும் பயிற்சி தருகிறார்களாமே, அவரும் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரும் இங்கே அப்படிச் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் அமெரிக்கப் பாடத்தை அப்படியே கொண்டுவந்தால் பாதி வீண். அங்கே தீ புல் மேலும் மரத்து மேலும் ஓடுகிறது. ராஜா மூசா காட்டை ஒட்டிய நம் பக்கம் தீ மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கம்புட் மண் என்பது தண்ணீருக்குள் பாதி மட்கிய மரமும் இலையும்தான். தண்ணீர் இறங்கினால் அது விறகு. அதனால் இங்கே படிக்கும் வரிசையே தலைகீழ்: முதலில் தண்ணீர், அப்புறம் பம்பு, கடைசியில்தான் தீ. காட்டைப் பராமரிக்கும் வேலையும் தீயணைப்பும் நம் ஊரில் ஒரே வேலை.

அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, உடல் தகுதிச் சோதனை: ஏறத்தாழ 20 கிலோ சுமையோடு 4.8 கிலோமீட்டரை 45 நிமிடத்தில் நடந்து முடிக்க வேண்டும், ஓடக்கூடாது. தோட்டத்தில் இதற்குத் தனிச் சுமை தேட வேண்டாம். மருந்தடிக்கும் 16 லிட்டர் முதுகு பம்பில் நல்ல தண்ணீரை நிரப்பினால் கிட்டத்தட்ட அதே எடை. ஆனால் களைக்கொல்லி அடித்த பம்பைத் தீக்குக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே தங்கிய மருந்து ஆவியோடு முகத்துக்கு வரும். இரண்டாவது, 1991இல் பால் கிளீசன் என்ற தீயணைப்பு வீரர் வகுத்த நான்கு சொல்: காவல் பார்ப்பவர், தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம். இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் உள்ளே போகக்கூடாது. பட்டாளத்தில் இருந்தவருக்கு முதல் இரண்டும் கைவந்த கலை. சிக்கல் மூன்றாவதில். பின்வாங்குவதைத் தோல்வியாக நினைக்கும் பழக்கம் சுலபத்தில் போகாது. குழுவில் கடைசி ஆள்கூட "வேண்டாம், வெளியே போவோம்" என்று சொல்லலாம், சொன்னால் எல்லாரும் வெளியேற வேண்டும் என்பதை முதல் நாளே ஒப்புக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீர். கம்புட் மண்ணில் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்ட தோட்டங்கள் நிலத்தடி நீர்மட்டத்தைத் தரைக்குக் கீழே சராசரியாக 50 செ.மீ., அதாவது 40க்கும் 60க்கும் நடுவில், வைத்திருக்க வேண்டும் என்பது செம்பனைத் துறையின் வழிகாட்டுதல். காட்டுக்குள் இன்னும் மேலே, தரையைத் தொட்டுக்கொண்டு இருப்பது நல்லது. அளக்க ஒரு பிவிசி குழாய் போதும்: பக்கமெல்லாம் துளையிட்டு, மண்ணில் செங்குத்தாக இறக்கி, மேலே மூடி போடுங்கள். அடிமுனை கம்புட்டைத் தாண்டிக் களிமண்ணில் ஊன்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் மண் அமுங்க அமுங்கக் குழாயும் கூடவே இறங்கும், அளவு பொய்யாகும். வாரம் ஒருமுறை, வெயில் காலத்தில் இரண்டு முறை, நோட்டில் எழுதுங்கள்.

மட்டம் இறங்கினால் கால்வாயை அடைக்க வேண்டும். பாக்காவ் (சதுப்புநில மரம்) கம்புகளை இரண்டு வரிசையாக அடித்து, நடுவில் மண் மூட்டை அடுக்கும் தடுப்பு எளிமையானது. இது உடைவது பெரும்பாலும் மூன்று காரணத்தால். மூட்டையில் களிமண்ணுக்குப் பதில் பக்கத்தில் கிடைத்த கம்புட்டையே அள்ளிப் போடுவது ஒன்று. அது லேசு, காய்ந்தால் தீயும் பிடிக்கும். தடுப்பைக் கரைக்குள் நீட்டாமல் விளிம்போடு நிறுத்துவது இன்னொன்று. முதல் பெருமழையிலேயே தண்ணீர் ஓரத்தை அறுத்துச் சுற்றிப் போய்விடும். மூன்றாவது, ஒரே பெரிய தடுப்பால் எல்லாத் தண்ணீரையும் பிடிக்கப் பார்ப்பது. தடுப்புக்குத் தடுப்பு 20 முதல் 30 செ.மீ. வித்தியாசத்தில் படிப்படியாக வையுங்கள். நடுவில் தண்ணீர் வழிய, கரையைவிடத் தாழ்ந்த வாய் ஒன்று கட்டாயம். ராஜா மூசாவில் 2008க்குப் பிறகு நடந்த மறுசீரமைப்பில் கால்வாய் அடைப்பதும் மாஹாங் மரக்கன்று நடுவதும் சேர்ந்தே நடந்தன. தண்ணீரை நிறுத்தாமல் கன்று மட்டும் நட்டால் அடுத்த வறட்சியில் கன்றும் சாம்பல்தான்.

பம்புக்கு வருவோம். நிமிடத்துக்கு 300 லிட்டர் இறைக்கும் பம்பு மணிக்கு 18,000 லிட்டர் கேட்கும். 2 மீட்டர் அகலக் கால்வாயில் 30 செ.மீ. தண்ணீர் இருந்தால், ஒரு மணி நேரத்தில் 30 மீட்டர் நீளம் வறண்டுவிடும். பலர் இந்தக் கணக்கைப் போடாமல் பம்பை இறக்கிவிட்டு, மதியம் வெறும் சேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதலில் கீழ்ப்பக்கத்தை மூட்டையால் அடையுங்கள், எக்ஸ்கவேட்டர் இருந்தால் ஒரு குழி தோண்டச் சொல்லுங்கள். உறிஞ்சு குழாயின் சல்லடை அடிச்சேற்றிலும் உட்காரக்கூடாது, மேல்மட்டத்துக்கு அருகிலும் இருக்கக்கூடாது, காற்றை இழுத்துவிடும். துளை போட்ட வாளிக்குள் சல்லடையை வைத்துக் கட்டித் தொங்கவிட்டால் நார் அடைப்பது பெரிதும் குறையும். பம்பு உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் உறிஞ்சு பக்க மூட்டில் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். எஞ்சின் டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று தொட்டி மேல் பெரிதாகப் பெயிண்டில் எழுதிவையுங்கள். அவசரத்தில் டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் கலக்காத பெட்ரோலை ஊற்றி எஞ்சினை இறுகி நிற்கவைப்பது சாதாரணமாக நடக்கிற தப்பு.

ஹோஸ் விஷயத்தில் எடையை மறக்க வேண்டாம். 64 மி.மீ. ஹோஸ் 30 மீட்டர் நிரம்பினால் உள்ளே 96 லிட்டருக்கு மேல் தண்ணீர். கம்புட்டில் முழங்கால் புதைய அதை இழுக்க முடியாது. அதைச் சடக்கு (சாலை) ஓரம்வரை முதன்மைக் குழாயாக வைத்து, அங்கிருந்து 38 மி.மீ.க்குப் பிரியுங்கள், அது நிரம்பினால் 34 லிட்டர், இருவர் சமாளிக்கலாம்.

தீயில் முக்கியமாகத் தெரிய வேண்டியது: காய்ந்த கம்புட் தண்ணீரை உள்ளே விடாது. மேலே பீய்ச்சினால் வெடிப்பு வழியே ஓடிவிடும், புகை அடங்கும், மறுநாள் பத்தடி தள்ளிக் கிளம்பும். ஓரத்திலிருந்து உள்நோக்கி வேலை செய்யுங்கள். சங்குல் மண்வெட்டியால் கொத்தி, தண்ணீர் விட்டு, கூழாகும்வரை கிளற வேண்டும். ஆழத்தில் இருந்தால் முனையில் துளையுள்ள இரும்புக் குழாயைக் குத்தி இறக்கி, குறைந்த அழுத்தத்தில் தண்ணீரை நிற்கவிடுங்கள். காட்டுத் தீக்கான நுரை மருந்தை 200 லிட்டர் டிரம்முக்கு 200 முதல் 600 மில்லி கலந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். கால்வாயில் கொட்ட வேண்டாம். அணைந்ததா என்று பார்க்க, கையுறையைக் கழற்றிப் புறங்கையை மண்ணுக்குச் சற்று மேலே காட்டுங்கள். விடியற்காலைக் குளிரில் புகை நன்றாகத் தெரியும். ஈர ஆவியும் வெள்ளையாகவே எழும், மோந்து பார்த்தால் வித்தியாசம் புரியும். ஒரு நாளில் முடித்துவிட்டோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல்தான் இருக்கும். மேலே சாம்பல், கீழே கனலும் குழி. கம்பால் தட்டிப் பார்க்காமல் கால் வைக்கக்கூடாது. வேர் எரிந்த மரம் சத்தமில்லாமல் சாயும், காற்றுகூட வேண்டாம். புகையும் தீயில் கார்பன் மோனாக்சைடு அதிகம், என்95 முகக்கவசம் அதைத் தடுக்காது. தலைவலி, குமட்டல் என்றால் "கொஞ்சம் தாங்கு" என்று சொல்லாமல் உடனே காற்றுப் பக்கம் வெளியே அனுப்புங்கள்.

எப்போது தயாராக இருப்பது? வானிலைத் துறை வெளியிடும் தீ அபாய வரைபடங்களில் இரண்டைப் பாருங்கள். நுண் எரிபொருள் குறியீடு லாலான் புல்லுக்கானது. சில நாள் வெயிலில் ஏறும், ஒரு மழையில் இறங்கும். வறட்சிக் குறியீடு ஆழத்துக்கானது. வாரக்கணக்கில் ஏறும், ஒரு மழைக்கு அசையாது. கம்புட்டுக்கு இரண்டாவதுதான் பேச்சு.

சேருவது எப்படி என்றால்: ஓய்வுக்கு முன் தரப்படும் மாறுதல் பயிற்சியை சுங்கை பூலோவிலுள்ள பெர்ஹெபாட் (முன்னாள் படைவீரர் நலக் கழகம்) நடத்துகிறது. எக்ஸ்கவேட்டர் ஓட்டுவது, சிறு எஞ்சின் பழுதுபார்ப்பது போன்ற வகுப்பு கிடைத்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள். ஊரில் தனிப்படை அமைக்க வேண்டாம். வட்டார பொம்பா (தீயணைப்பு மீட்புத் துறை) நிலையத்தில் பேசித் தன்னார்வக் குழுவாகச் சேருங்கள். தீ என்றால் முதலில் 999, களத்தில் கட்டளை பொம்பாவுடையது. பயிற்சிக்காக லாலானைக் கொளுத்திப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். அது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவில் திறந்தவெளி எரிப்பு. தீயைத் தடுக்கத் தோண்டிய அகழியை, எல்லாம் அடங்கியதும் மூடிவிடுவதும் உங்கள் குழுவின் பொறுப்பு. மூடாமல் விட்டால் அதுவே தண்ணீரை வடித்து அடுத்த ஆண்டுத் தீக்கு வழிபோடும்.

சம்பளத்தோடு காட்டு வேலை வேண்டும் என்றால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் பிபி3 என்ற பல்லுயிர்ப் பாதுகாப்பு, ரோந்துத் திட்டத்தை விசாரியுங்கள். முன்னாள் வீரர்களையும் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லியையும் சேர்த்து, வேட்டைக் கண்ணி தேடவும் புலிக் காட்டில் ரோந்து போகவும் எடுக்கிறார்கள். அங்கே வழிகாட்டுவது ஒராங் அஸ்லிக்காரர்கள். அண்ணன் எந்தப் பதவியில் ஓய்வுபெற்றிருந்தாலும் காட்டுக்குள் அவர்கள் பின்னால்தான் நடக்க வேண்டியிருக்கும்.