தங்கமீனின் ஆயுள் 4 மாதம்தானா?

இல்லை. சென்னை கொளத்தூரில் வாங்கிய மூன்று தங்கமீன்களில் இரண்டு 4 மாதத்தில் இறந்துவிட்டதாக எழுதிக் கேட்டிருக்கிறீர்கள்; அவை இறந்தது ஆயுள் முடிந்ததால் அல்ல. நல்ல நீரில் வளரும் தங்கமீன் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். கப்பி, ஃபைட்டர் போன்ற மீன்களுக்குத்தான் 2, 3 ஆண்டுகள்.

நீங்கள் அவற்றை வைத்திருந்த, ஃபில்டர் இல்லாத வட்டக் கண்ணாடிக் கிண்ணமே காரணமாக இருக்கக்கூடும். மீன் வெளியேற்றும் அம்மோனியா, அதை நச்சு குறைந்ததாக மாற்றும் பாக்டீரியா போதிய அளவு வளராத சிறு கிண்ணத்தில் தேங்கிவிடுகிறது. சென்னைக் கோடையில் நீர் சூடேற ஏற அம்மோனியாவின் நச்சு கூடுவதோடு, கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதாக எழுதியிருக்கிறீர்களே, அது பெரும்பாலும் பசியல்ல, மூச்சுத்திணறல்.

மிஞ்சியிருக்கும் மீனுக்காக, மீன் கடையில் கிடைக்கும் அம்மோனியா டெஸ்ட் கிட்டை வாங்கி, தண்ணீர் மாற்றுவதற்கு முன்பே சோதித்துப் பாருங்கள். பூஜ்ஜியத்துக்கு மேல் காட்டினால் தீனியைக் குறைத்து, நீரில் பாதியை மட்டும் மாற்றுங்கள். விரைவில் பெரிய தொட்டிக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கும் மாறிவிடுங்கள்.

பூஜ்ஜியமே காட்டினால், குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரினையும் சந்தேகிக்க வேண்டும். மெட்ரோ வாட்டரை, குளோரினை நீக்கும் மருந்து சேர்க்காமல் தொட்டியில் ஊற்றாதீர்கள்.