மறுமுனையில் யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வாப்பா 1986ல் துபாயிலிருந்து கொண்டுவந்த கமோடோர் 64 கம்ப்யூட்டர் இன்னும் வீட்டில் இருக்கிறது. 1541 டிஸ்க் டிரைவும் உண்டு. டிவியில் மாட்டினால் நீலத் திரை வருகிறது. மோடத்தில் கூப்பிட்டுச் சேதியும் ஃபைலும் பரிமாறுகிற, பி.பி.எஸ். எனப்படும் பழைய கம்ப்யூட்டர் அறிவிப்புப் பலகைகளுக்குள் இதிலிருந்தே போய்ப் பார்க்க ஆசை. வைஃபை மோடம் ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன். மறுமுனைக் கம்ப்யூட்டரோடு பேச உதவும் டெர்மினல் சாஃப்ட்வேர் தேடினால் நோவாடெர்ம், சி.சி.ஜி.எம்.எஸ்., கெர்மிட் என்று பல பெயர் வருகிறது. ஐயா, எதை எடுப்பது? – வாசகர், கீழக்கரை.

பதில்: தம்பி, நாற்பது வருஷம் உப்புக்காற்றில் இருந்த பெட்டி நீலத் திரை காட்டுகிறதென்றால் முதல் கண்டம் தாண்டியாச்சு. இரண்டாவது கண்டம் அதோடு வந்த அடாப்டர். அதன் 5 வோல்ட் பக்கம் வயதாக ஆக மேலே ஏறும். ஏறினால் மெமரி சிப்புகள் செத்துப்போகும். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 5.2ஐத் தாண்டினால் அதை அலமாரியில் நினைவுப் பொருளாக வைத்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

மூன்றாவது கண்டத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். மோடம் மாட்டும் யூசர் போர்ட், பின்னால் கேசட் போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் ஓடுவது 5 வோல்ட் சிக்னல். ஆர்.எஸ். 232 என்ற பொதுவான சீரியல் இணைப்புள்ள சாதாரண மோடத்தின் கம்பியில் பிளஸ் 12, மைனஸ் 12 வரைக்கும் வரும். நடுவில் வோல்ட் அளவை மாற்றும் சர்க்யூட் இல்லாமல் நேராகச் சேர்த்தால் அந்தப் போர்ட்டைக் கவனிக்கும் 6526 சிப் அன்றைக்கே காலி. கமோடோர் யூசர் போர்ட்டுக்கென்றே செய்த வைஃபை மோடமாகப் பார்த்து வாங்குங்கள். கம்ப்யூட்டரை அணைத்த பிறகே மாட்டுங்கள், அணைத்த பிறகே கழற்றுங்கள். மாட்டுமுன் யூசர் போர்ட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையின் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடையுங்கள். கீழக்கரைக் காற்றுக்கு இது வருஷத்துக்கு இரண்டு தடவை வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. என்னிடம் யார் இதைக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மறுமுனையில் யார்? 

1993 வாக்கில் நான் மண்டபம் பக்கம் டெலிபோன் லைன் பார்த்துக்கொண்டிருந்தேன். தீவில் ஒரு இறால் கம்பெனி, தினமும் சாயங்காலம் அன்றைய கொள்முதல் கணக்கை மோடத்தில் தூத்துக்குடி ஆபீசுக்கு அனுப்பும். தினமும் புகார். பகலில் போய்ப் பார்த்தால் லைன் பளிங்கு மாதிரி. பொழுது சாய்ந்து ஈரக்காற்று ஏறியதும் கரகரவென்று இரைச்சல். கம்பத்துப் பெட்டியைத் திறந்தேன். ஜாயின்ட்டில் பச்சைக் களிம்பு, விரலில் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டியது. மாற்றுச் சாமான் வர ஒரு வாரம் ஆகுமென்றார்கள்.

அந்த ஒரு வாரம்தான் எனக்குப் பாடம். கணக்குப்பிள்ளை ஃபைலை அப்படியே எழுத்தெழுத்தாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார், எந்தச் சரிபார்ப்பும் கிடையாது. 180 கிலோ என்று இங்கே அடித்தது அங்கே ‘1{0’ என்று போய்ச் சேர்ந்தது. அந்த வளைவு அடைப்புக்குறியை ஏதோ கம்பெனி ரகசியக் குறி என்று தூத்துக்குடிக்காரர்கள் நினைத்திருந்தார்களாம்! இரண்டு பக்கமும் என்னென்ன இருக்கிறதென்று கேட்டுப் பார்த்ததில், பொதுவாக இருந்தது கெர்மிட் என்ற ஃபைல் அனுப்பும் முறை ஒன்றுதான். 1981ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது அது. எந்தக் கோணலான லைனிலும் போகக்கூடிய சாதாரண எழுத்துகளாக எல்லாவற்றையும் மாற்றிச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வாங்கும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். நேரம் இரண்டு மடங்குக்கு மேல் பிடித்தது, எஸ்.டி.டி. பில்லைப் பார்த்து முதலாளி முகம் சுளித்தார். ஆனால் 180 கிலோ 180 கிலோவாகவே போனது.

உங்கள் வைஃபையில் களிம்பு கிடையாது. ஆனால் உங்கள் பெட்டியே கொஞ்சம் தடுமாறும். கமோடோர் 64ல் சீரியல் வேலைக்கென்று தனி சிப் இல்லை. டைமர் தட்டத் தட்ட பிராசசரே ஒவ்வொரு பிட்டாக எண்ணி வாங்குகிறது. டிஸ்க்கில் எழுதப் போனால் இந்த எண்ணிக்கை நின்றுவிடும், அந்த நேரத்தில் வரும் எழுத்துகள் கடலில் போட்ட கல். அதனால் இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு துண்டு அனுப்பிவிட்டுப் பதிலுக்காக நிற்கிற முறைதான் பொருந்தும். வார்ட் கிறிஸ்டென்சன் 1977ல் எழுதிய எக்ஸ்மோடம் அப்படிப்பட்டது, 128 பைட்டுக்கு ஒரு நிறுத்தம். கமோடோர்காரர்களுக்கென்றே கனடாவில் ஸ்டீவ் பன்டர் எழுதிய பன்டர் முறையும் அந்த ஜாதிதான். நிற்காமல் கொட்டிக்கொண்டே இருக்கும் இசட்மோடம் பெரிய கம்ப்யூட்டரில் ராஜா. இங்கே அதை நம்பி இறங்காதீர்கள்.

பாம்பன் பாலத்தில் கப்பல் கடக்கிற நேரம் ரயில் நிற்கிறதல்லவா? ‘நில், வா’ என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ள மோடத்திலும் வழி உண்டு. ஒன்று தனிக் கம்பியில், இன்னொன்று எழுத்தாக: 19ஆம் எண் எழுத்து வந்தால் நில், 17ஆம் எண் வந்தால் வா. எக்ஸ்மோடத்தில் ஃபைல் இறக்கும்போது இந்த எழுத்து வழியை அணைத்துவிடுங்கள். ஃபைலுக்குள்ளேயே 19 இருந்தால் அதையும் ‘நில்’ என்று எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

சரி, தீர்ப்பு. கமோடோர் பலகைகளுக்குத்தான் போகப்போகிறீர்கள் என்றால் சி.சி.ஜி.எம்.எஸ். எடுங்கள். அந்தப் பலகைகள் பெட்ஸ்கி என்ற கமோடோரின் சொந்த எழுத்துமுறையில் வண்ணமும் கட்டமும் போட்டு வரைந்திருக்கும். இதில் அது வரைந்தபடியே தெரியும். பன்டரும் எக்ஸ்மோடமும் உள்ளேயே உண்டு. உள்ளே போனதும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் தலைகீழாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். மறுமுனை மற்றக் கம்ப்யூட்டர்களின் பொது எழுத்துமுறையான ஆஸ்கி பேசுகிறது, நீங்கள் பெட்ஸ்கியில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். மெனுவில் ஒரு சாவி மாற்றினால் சரியாகும்.

யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போய் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் நோவாடெர்ம். அது, பெரிய கம்ப்யூட்டர்களோடு பேசப் பயன்பட்ட விடி 100 என்ற திரை-கீபோர்டு டெர்மினல் மாதிரி நடிக்கும், 80 எழுத்து வரிசையும் காட்டும். ஆனால் கணக்குப் போடுங்கள்: திரையின் அகலம் 320 புள்ளி. 80 எழுத்தென்றால் எழுத்துக்கு 4 புள்ளி, அதிலும் ஒன்று இடைவெளிக்குப் போய்விடும். வீட்டு டிவியில் அதைப் படிக்க என் வயசுக்காரனால் ஆகாது, உங்கள் கண்ணுக்கு ஆகலாம்.

வேகம் விநாடிக்கு 1200 பிட்டில் தொடங்குங்கள், பிறகு 2400. மற்ற அமைப்பு: 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். 300 போதுமென்று யாராவது பழமை பேசினால், 1000 எழுத்துள்ள ஒரு திரை நிரம்ப 33 விநாடி ஆகுமென்று சொல்லுங்கள். 30 கிலோபைட் ஃபைல் என்றால் 17 நிமிடத்துக்கு மேல், அதற்குள் சோறு வெந்துவிடும். டயல் செய்வது பழைய மோடம் மாதிரியேதான். ஏ.டி.டி.டி. என்று அடித்து, நம்பருக்குப் பதிலாகப் பலகையின் முகவரியும் போர்ட் எண்ணும்.

கேள்வி: எங்கள் வீட்டு ஃபைபர் லேண்ட்லைனில் பழைய 14,400 மோடத்தைப் போட்டால் ஓடுமென்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? – வாசகி, தொண்டி.

பதில்: வேண்டாம்மா. ஃபைபரில் வரும் டெலிபோன் உங்கள் குரலைப் பொட்டலம் பொட்டலமாக நறுக்கி அனுப்புகிறது. ஒரு பொட்டலம் தவறினால் காதுக்குத் தெரியாது, மோடத்துக்குத் தெரியும். கீச்சுக்குரலில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு லைனை வைத்துவிடும். கடைக்காரர் செம்புக் கம்பிக் காலத்தில் ஓட்டியிருப்பார், அதைத்தான் சொல்கிறார்.

கேள்வி: 286 பிசி வைத்திருக்கிறேன். டெர்மினல் சாஃப்ட்வேருக்குப் புரோகாமா, டெலிக்ஸா? – வாசகர், பெரியபட்டினம்.

பதில்: டெலிக்ஸ். 1986ல் சக் ஃபோர்ஸ்பெர்க் எழுதிய இசட்மோடம் அதில் உள்ளேயே இருக்கிறது. பாதியில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அது பெரிய வரம். ஆனால் அதற்கு முன் மூடியைக் கழற்றி சீரியல் கார்டில் எந்த சிப் என்று பாருங்கள். 8250 என்று இருந்தால் ஒரு எழுத்துக்குமேல் பிடித்து வைக்காது, வேகம் கூட்டினால் எழுத்து உதிரும். 16550ஏ கிடைத்தால் போடுங்கள், 16 எழுத்து வரை தாங்கும். மூடியைக் கழற்றியதுதான் கழற்றினீர்கள், உள்ளே பல்லி முட்டை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நான் திறந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் இருந்தது.