வாசகர் கேள்வி – பதில்: முதலில் பெல்ட், பிறகுதான் படுக்கை

கேள்வி: கூடாரம் சுமந்து அலைய விருப்பமில்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேமக் கட்டிப் படுத்து, மலையோரத் தோட்டங்களில் இரவு தங்கிப் பழக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கையில் இருப்பது நாலாயிரம் ரூபாய். எதை வாங்குவது, எதை விடுவது?
– வாசகர், ஈரோடு

பதில்: நாலாயிரம் போதும், ஆனால் அதை எந்த வரிசையில் செலவிடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலானோர் பணத்தின் பெரும்பகுதியைப் படுக்கைத் துணிக்குக் கொடுத்துவிட்டு, அதைக் கட்டுவதற்கு வீட்டில் கிடக்கும் கயிற்றை எடுத்துச் செல்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். படுக்கையோடு இலவசமாக வந்த மெல்லிய நைலான் கயிற்றை நம்பி ஒரு வேப்பமரத்தில் கட்டிப் படுத்தபோது, தரைக்கும் எனக்கும் ஒன்றரை அடி இடைவெளி இருந்தது. பனி இறங்க இறங்க நைலான் ஈரத்தை உறிஞ்சி நீண்டுகொண்டே போய், விடியற்காலையில் என் முதுகு புல்லைத் தொட்டுவிட்டது. எழுந்து பார்த்தால் மரப்பட்டையில் கயிறு அறுத்த வடு.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது பெல்ட்தான். லாரியில் லோடு கட்டப் பயன்படும் பாலியெஸ்டர் பெல்ட், குறைந்தது ஓர் அங்குல அகலத்தில், தலா 4 மீட்டர் நீளமுள்ள இரண்டு துண்டுகள் தேவை. பாலியெஸ்டர் நைலானைப் போல நீளாது. அகலமாக இருப்பதால் மரப்பட்டையையும் அறுக்காது. உங்களுக்குப் பக்கத்திலுள்ள நாமக்கல்லில் லாரிச் சாமான் விற்கும் கடைகளில் இதைத் தேடலாம். இறுக்கும் ராட்செட் உங்களுக்கு வேண்டாம், வெறும் பெல்ட் போதும். அதன் மேல் அச்சிட்டிருக்கும் தாங்குதிறனைப் படிக்காமல் வாங்காதீர்கள். பெல்ட்டில் படுக்கையை மாட்டும் கொக்கி வாங்கும்போதும் எடை பொறித்த எஃகுக் கொக்கியாகப் பாருங்கள். சாவிக்கொத்துக்கென்று விற்கும் அலுமினியக் கொக்கி, பார்வைக்கு அதைப் போலவே இருந்தாலும், ஆளைத் தாங்காது.

பெல்ட்டுக்கும் கொக்கிக்கும் ஏறத்தாழ 700 ரூபாய், படுக்கைக்கு 1300, மூன்றுக்கு மூன்று மீட்டர் தார்ப்பாய்க்கு 900, கொசுவலைக்கு 400, ஃபோம் பாய்க்கு 600 என்று ஒதுக்கிப் பாருங்கள். கடைக்குக் கடை விலை மாறும் என்றாலும் கணக்கு இதற்குள் அடங்கிவிடும். படுக்கையில் நீளத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும் ஹேமக்குகள் பல ஒன்பது அடிக்குள் இருக்கின்றன. நடுத்தர உயரமுள்ளவர் அதில் படுத்தால் தோள்கள் இரண்டும் உள்நோக்கி நெருக்கப்படும். பத்தரை அல்லது பதினோரு அடி இருந்தால்தான் தூங்க முடியும். கொசுவைப் பற்றியும் ஒரு சொல்: மெல்லிய துணியை ஊடுருவி அது கீழிருந்தும் கடிக்கும், ஆகையால் வலை உங்களை அடிப்பக்கமும் சுற்றி மூடியிருக்க வேண்டும்.

கேள்வி: என் பிள்ளைகள் இருவரும் நூல் புடவையில் கட்டிய தூளியில்தான் வளர்ந்தார்கள். அதே புடவையை மடித்துக் கட்டினால் பெரியவர்களுக்கு ஆகாதா? கடையில்தான் வாங்க வேண்டுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தூளிக்குப் பழைய புடவையைத் தேர்ந்தெடுப்பதே அது நைந்து மென்மையாகியிருப்பதால்தான், பத்துக் கிலோவுக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்த நைவு சுகம், அறுபது எழுபது கிலோ உள்ளவருக்கு அதுவே ஆபத்து. பருத்தி என்பதற்காக நான் மறுக்கவில்லை. 1492இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளில் கண்ட, தைனோ மக்கள் ‘ஹமாக்கா’ என்று அழைத்த படுக்கைகள் பருத்தி நூலில் பின்னியவையே. இன்றைய பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் பருத்தி பனியைக் குடித்துக் கனக்கும், காயவும் நேரமாகும்.

கடையில் வாங்க வேண்டியதில்லை, தைத்துக்கொள்ளலாம். நெருக்கமாக நெய்த நைலான் அல்லது பாலியெஸ்டர் துணியில் பதினோரு அடி நீளம், ஐந்து அடி அகலம் எடுத்து, நீளவாட்டு ஓரங்களை மடித்துத் தைத்துவிட்டு, அகலவாட்டு முனைகள் இரண்டையும் உள்பாவாடைக்கு நாடா கோக்க மடிப்பதைப் போல மடித்து, ஒன்றுக்கு மூன்று தையல் ஓட்டுங்கள். அந்த மடிப்புக்குள் உறுதியான கயிற்றைக் கோத்துச் சுருக்கி முடிந்தால் படுக்கை தயார். முதன்முறை அதில் அமரும்போது தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கட்டி, கீழே மெத்தை போட்டு, மெல்ல மெல்ல எடையைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஹேமக்கில் படுத்தால் முதுகு வில்லாக வளைகிறது. வளையாதிருக்க எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பயனில்லை. போன முறை கயிறே அறுந்துவிட்டது.
– வாசகர், மதுரை

பதில்: இறுக்கியதால்தான் அறுந்தது. இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். உங்கள் எடை 70 கிலோ என்று கொள்வோம். பெல்ட் கிடைமட்டத்திலிருந்து 30 பாகைச் சாய்வில் மரத்துக்கு ஏறினால், ஒவ்வொரு பக்கமும் ஏற்கும் இழுவிசை அதே 70 கிலோ. சாய்வை 10 பாகையாக்கினால் அது 200 கிலோவாகும். இன்னும் இறுக்கி 5 பாகைக்குக் கொண்டுவந்தால் 400 கிலோ. நீங்கள் எடை கூடவில்லை, கயிறும் மாறவில்லை. கட்டிய கோணம் மட்டுமே மாறியிருக்கிறது.

கோணம் அளக்கக் கருவி வேண்டாம். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் செங்கோணமாக விரித்து, சுட்டுவிரல் மரத்தை நோக்கிக் கிடையாகவும் கட்டைவிரல் கீழ்நோக்கியும் இருக்குமாறு பெல்ட்டுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். பெல்ட் கட்டைவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் தொட்டுக்கொண்டு சென்றால் ஏறத்தாழ 30 பாகை. மரங்களுக்கிடையே நாலரை மீட்டர் தொலைவு இருக்கட்டும். பெல்ட்டை உங்கள் தலை உயரத்தில் கட்டுங்கள். அமர்ந்தபின் படுக்கை நாற்காலி உயரத்தில் நிற்க வேண்டும்.

தளர்த்திக் கட்டினால் இன்னும் வளையாதா என்று கேட்பீர்கள். நேர்க்கோட்டில் படுத்தால் வளையும்தான். துணி தொய்ந்திருக்கும்போது தலையை ஒரு பக்கமாகவும் கால்களை எதிர்ப்பக்கமாகவும் ஓர் அடி ஒதுக்கிக் குறுக்காகப் படுத்துப் பாருங்கள். துணி உங்களுக்கடியில் விரிந்து முதுகு ஏறக்குறையச் சமமாகிவிடும். இறுக்கிக் கட்டிய படுக்கையில் இது நடக்காது. ஒவ்வோர் இடத்திலும் தொய்வைச் சரிபார்க்க அலுப்பாக இருந்தால், படுக்கையின் இரு முனைகளுக்கிடையே, அதன் நீளத்தில் 83 விழுக்காடு அளவுள்ள நீளாத கயிறு ஒன்றைக் கட்டிவிடுங்கள். பதினோரு அடிப் படுக்கைக்கு அது ஒன்பதடி ஒன்றரை அங்குலம். மரங்கள் எப்படி அமைந்தாலும் தொய்வு மாறாது. கொசுவலையைத் தொங்கவிடவும் அந்தக் கயிறே உதவும்.

கேள்வி: ஏற்காட்டில் நண்பரின் தோட்டத்தில் இரண்டு கம்பளி போர்த்திப் படுத்தும் முதுகு விறைத்துவிட்டது. சேலத்தில் அன்று புழுக்கமாக இருந்ததே!
– வாசகர், சேலம்

பதில்: ஏற்காடு உங்கள் ஊரைவிட ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை செல்சியஸ் இறங்கும் என்பதால், சேலத்துப் புழுக்கத்தைக் கொண்டு மலையின் இரவைக் கணிக்க முடியாது. ஆனால் உங்களை விறைக்க வைத்தது மேலே இருந்த குளிர் அன்று, கீழே ஓடிய காற்று. கம்பளி தன் இழைகளுக்கிடையே காற்றைத் தேக்கிவைப்பதால்தான் வெப்பம் காக்கிறது. முதுகுக்கடியில் அது நசுங்கியபின் தேக்க இடமேது? தரையில் படுத்தால் தரை காற்றை மறைக்கும், இங்கே துணியின் அடிப்பக்கத்தைக் காற்று இரவு முழுவதும் தடவிக்கொண்டே போகிறது.

இதற்கென்று படுக்கைக்கு வெளியே, கீழ்ப்புறம் தொங்கவிடும் பஞ்சுப் போர்வைகள் உண்டு. மிக நல்லவை, நம் பட்ஜெட்டுக்கு எட்டாதவை. அதற்குப் பதில் 8 அல்லது 10 மில்லிமீட்டர் கனமுள்ள, நசுங்காத ஃபோம் யோகா பாய் ஒன்றை உள்ளே விரித்துப் படுங்கள். பாயின் அகலம் போதாமல் தோள் வெளியே நீட்டிக்கொண்டு குளிரும். பாதிப் பாயை வெட்டித் தோளுக்குக் குறுக்காகப் போட்டால் அந்தக் குறையும் தீரும். வழுக்குகிறது என்று பலர் குறை சொல்கிறார்கள், உண்மைதான். படுக்கையை இரட்டைத் துணியாகத் தைத்து நடுவில் செருகிவிட்டால் அசையாது. இருக்கும் கம்பளிகளில் ஒன்றைப் படுக்கைக்கு வெளியே, அடிப்பக்கமாக, நசுங்காதபடி நாலு மூலையிலும் கயிறு கட்டித் தொங்கவிட்டும் பாருங்கள்.

கேள்வி: மேலே தார்ப்பாய் கட்டியும் படுக்கை நனைந்தது ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மரத்தில் வழியும் நீர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு படுக்கைக்குள் இறங்கியிருக்கும். தார்ப்பாயின் நிழலுக்குள், படுக்கைக்குச் சற்று முன்னால், பெல்ட்டில் ஒரு சாண் பருத்தித் துணிக்கிழிசலை முடிந்து தொங்கவிடுங்கள். நீர் அதன் வழியே சொட்டிவிடும்.

கேள்வி: எந்த இடத்தில், எந்த மரத்தில் கட்டலாம்? காட்டுக்குள் போகலாமா?
– வாசகர், தேனி

பதில்: காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம், அங்கு இரவில் படுப்பதைப் பற்றி எண்ணவே வேண்டாம். உங்கள் மாவட்டத்தில் 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில், மலையேறச் சென்றவர்களைப் பலிகொண்ட தீவிபத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். யானையோ காட்டெருமையோ வரும் வழியில் தொங்கும் துணி எந்தப் பாதுகாப்பும் ஆகாது. உரிமையாளரின் அனுமதியோடு தனியார் தோப்பு, காப்பித் தோட்டம் இவற்றில் தொடங்குங்கள். அதற்கும் முன்பாக வீட்டருகே இரண்டு இரவாவது படுத்துப் பழகிவிடுங்கள். தொடங்குவதற்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் ஏற்றவை.

மரம் உயிரோடு இருக்க வேண்டும், உங்கள் தொடையைவிடப் பருமனாக இருக்க வேண்டும், தலைக்கு மேலே காய்ந்த கிளை இருக்கக் கூடாது. வேம்பும் புளியும் நம்பத் தக்கவை. முருங்கை எவ்வளவு பருத்திருந்தாலும் வேண்டாம். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துப் பின்னிய கூடு தெரிந்தால் அது முசுறு எறும்பின் வீடு. பெல்ட் அவற்றுக்குப் பாலமாகிவிடும். தென்னந்தோப்பில் தூண் போன்ற மரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் கை பரபரக்கும். தேங்காயும் மட்டையும் விழும் இடத்தில் படுக்க நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரங்கள் பெல்ட்டுக்கு வாகானவைதான், காற்றடிக்கும் நாளில் அவற்றின் கிளைகள் எளிதில் முறியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மிளகுக் கொடி ஏறிய மரமாக இருந்தால் விட்டுவிடுங்கள், பெல்ட்டுக்கடியில் கொடி நசுங்கினால் தோட்டக்காரர் அடுத்த முறை உங்களை உள்ளே விடமாட்டார்.