டிராயிங் வாத்தியார் பதில்கள்: பரட்டைக்குக் கறுப்புக் கண்ணாடி

(அரசுப் பள்ளியில் 29 ஆண்டு ஓவிய ஆசிரியராக இருந்தவர், புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். பிள்ளைகளையும் ஊராரையும் சேர்த்துக்கொண்டு தெருமுனைப் பொம்மைகள் செய்து வருகிறார். வாசகர் கேள்விகளுக்கு அவரே பதில் சொல்கிறார்.)

எங்கள் பேரூராட்சிப் பூங்காவில் ஃபைபர் மயில் வாங்கி வைக்கப் போகிறார்களாம். "காசு எதற்கு, நாமே ஏதாவது செய்வோம்" என்றேன். "ஊரில் சிற்பி யாரும்மா இருக்கா?" என்று வாயை அடைத்துவிட்டார்கள். என்ன பதில் சொல்வது ஐயா?
– வாசகி, திருச்சி மாவட்டம்

மயில்மேல் எனக்குக் கோபம் இல்லை அம்மா. ஆனால் அந்த மயிலை நான் ஏற்கெனவே ஐந்தாறு ஊரில் பார்த்துவிட்டேன். அதே கழுத்து, அதே பச்சை, பக்கத்தில் அதே குப்பைத்தொட்டிப் பென்குவின்.

எங்கள் ஊரிலும் சிற்பி கிடையாது. எங்களுக்கு வாய்த்தது கஜா புயல். 2018 நவம்பர் 15 ராத்திரி யாரும் தூங்கவில்லை. விடிந்து பார்த்தால் தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. எங்கள் பக்கம் தென்னையை மரம் என்று சொல்லமாட்டோம், பிள்ளை என்போம். ஆலங்குடி, கீரமங்கலம், பேராவூரணி வரைக்கும் பிள்ளைகள் எல்லாம் வேரோடு படுத்துவிட்டன. அறுத்து அகற்றும் கூலிக்கு வழியில்லாமல் மாதக்கணக்கில் கிடந்தன.

பள்ளிக்கூட மைதானத்தில் மட்டும் ஏழு மரம். நான் எதையும் திட்டம் போடவில்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் மரத்தில் ஏறி உட்கார்ந்து பஸ் ஓட்ட ஆரம்பித்தார்கள். முன்னால் ஒருவன் டிரைவர், பின்னால் ஒருத்தி கண்டக்டர். "அறந்தாங்கி, அறந்தாங்கி, உள்ள போங்க" என்று ஒரே சத்தம். அப்போது ஆறாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி, மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு கிடந்த ஓர் அடிமரத்தைக் காட்டி, "சார், இவரு தலையே சீவல" என்றாள். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. சுண்டுவிரல் கனத்தில் நூற்றுக்கணக்கான வேர் நாலாபக்கமும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். தலைகீழாகப் பார்த்தால் எண்ணெய் காணாத பரட்டைத் தலைதான்.

வேர்ப்பக்கத்தோடு எட்டடி அறுத்தோம். ஜேசிபிக்காரர் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் கொடுத்தார். மூன்றடிக் குழியில் தலைகீழாக நட்டாயிற்று. செதுக்கப் போனபோதுதான் சங்கடம். தென்னை வெளியே இரும்பு, உள்ளே சோறு. என் உளி இரண்டு மழுங்கிவிட்டது. ஆசாரி ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, கண்ணுக்கு மட்டும் இரண்டு குழி போட்டுக் கொடுத்தார். காதுக்குக் கொட்டாங்கச்சி, மீசைக்குப் பன்னாடை, உதட்டுக்குக் காய்ந்த பாளை. எதிர்த்த டீக்கடைக்காரர் "பரட்டை" என்று கூப்பிட்டார், அதுவே பேராயிற்று.

சிற்பி யார் என்று கேட்கிறவர்களிடம் திருப்பிக் கேளுங்கள்: ஊரில் வெல்டர் இல்லையா, கொத்தனார் இல்லையா, பந்தல் போடுகிறவர், முறம் முடைகிறவர், கோலம் போடுகிற பெண்கள்? இன்னும் யார் வேண்டும்?

ஒரு வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் அய்யனாருக்குப் புரவி எடுப்பதென்றால், அதாவது மண்குதிரை செய்து வைப்பதென்றால், முதலில் பிடிமண் கொடுக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து, மண்பொம்மை செய்யும் குயவரான வேளாரிடம் கொடுத்த பிறகுதான் அவர் களிமண்ணில் கை வைப்பார். நாங்களும் பரட்டையின் குழியில் தெருவுக்கு ஒரு பிடி மண் போடச் சொன்னோம். பதினோரு தெரு, பதினோரு பிடி. அன்றைக்குப் பிறகு ஒருவர்கூட "வாத்தியார் செஞ்ச பொம்மை" என்று சொல்லவில்லை. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தம்தான்.

பொம்மை வைத்தால் நம் ஊரில் அதைச் சாமியாக்கிவிடமாட்டார்களா?
– வாசகர், மன்னார்குடி

ஆக்குவார்கள். மூன்றாவது வெள்ளிக்கிழமையே பரட்டை நெற்றியில் விபூதி. அடுத்த வாரம் காலடியில் எலுமிச்சம்பழம். இப்படியே விட்டால் சூலம், பிறகு உண்டியல், பிறகு தகரக் கொட்டகை, பிறகு நான் நன்கொடை ரசீதோடு வீடு வீடாகப் போக வேண்டும். நானும் சாமி கும்பிடுகிறவன்தான். ஆனால் சாமியென்று ஆகிவிட்டால் பிள்ளைகள் அதன் தோளில் ஏற முடியாது.

திருவிழாக் கடையில் 40 ரூபாய்க்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டோம். பிறகு வாரம் ஓர் அலங்காரம் என்று பிள்ளைகளிடம் விட்டேன். மார்கழியில் மஃப்ளர், பரீட்சை சமயத்தில் கழுத்தில் ஹால் டிக்கெட், கத்திரி வெயிலில் தலையில் ஈரத் துண்டு. எலுமிச்சம்பழம் நின்றுவிட்டது. ஒரு பாட்டி மட்டும் விடவில்லை. வெள்ளிக்கிழமை வருவார், கண்ணாடியை மேலே தூக்குவார், விபூதி பூசுவார், கண்ணாடியை மறுபடி இறக்கிவிட்டுப் போவார். அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை.

குளமங்கலத்து அய்யனார் கோயிலில் 30 அடிக்கும் மேலே உயர்ந்த குதிரை நிற்கிறது. மாசி மகத்தன்று வண்டி வண்டியாகக் காகிதப்பூ மாலை வரும். சாயங்காலத்துக்குள் குதிரை மறைந்து, வண்ணக் காகிதத்தால் ஆன ஒரு குன்றுதான் தெரியும். சின்ன வயதில் நான் பார்த்த முதல் பெரிய கலைக்கூடம் அதுதான்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு நாங்கள் ஒரு கழுதை செய்தோம். ஊர்ப் பிரமுகர் ஒருவர், "இது என்னைச் சொல்வதுதானே?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.
– மாணவர்கள், பெயர் வேண்டாம்

ஜாடை அவ்வளவு பொருந்தியிருந்தால் உங்கள் டிராயிங் வாத்தியாருக்கு என் வணக்கம். கழுதைக்கு இரண்டு கொம்பு வைத்துவிடுங்கள், தீர்ந்தது.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை ஆள் உயரத்தில் செய்து எங்கள் பூங்காவில் வைக்க ஆசை. முடியுமா?
– வாசகர், பண்ருட்டி

முடியும். எங்கள் முதல் ராஜா விழுந்த கதையை முதலில் கேளுங்கள்.

பழைய டயர் ஒன்றைச் சுற்றிக் கம்பி வளைத்து, கோழி வலை கட்டி, ஒன்றுக்கு மூன்று சிமெண்டும் மணலும் பூசி, ஐந்தடி ராஜாவைக் கட்டினோம். கிரீடம், வாள், தொப்பை எல்லாம் பிரமாதம். பத்து நாள் நனைத்து, சாயம் பூசி, ஊரைக் கூப்பிட்டு, ஒரு தள்ளு தள்ளினோம். ராஜா பக்கவாட்டில் சாய்ந்தார். கூட்டம் கைதட்டியது. அவர் எழுந்திரிக்கவில்லை. மறுபக்கம் தள்ளினோம், அங்கேயும் படுத்துக்கொண்டார். டீக்கடைக்காரர், "சார், மகாராஜாவுக்கு மத்தியானத் தூக்கம்" என்றார்.

பௌதிக ஆசிரியர்தான் காரணம் சொன்னார். பொம்மையின் அடிப்பாகம் அரைக்கோளம். அந்தக் கோளத்துக்கு ஒரு மையம் உண்டு. பொம்மையின் மொத்த எடையும் குவிகிற புள்ளி அந்த மையத்துக்குக் கீழே இருந்தால்தான், சாய்க்கும்போது அது மேலே ஏறும், மேலே ஏறியது கீழே வரப் பார்க்கும், பொம்மை நிமிரும். நாங்கள் ஆசைப்பட்டு கிரீடம்வரை சிமெண்டை அப்பியிருந்தோம். புள்ளி ராஜாவின் தொப்புளுக்கு ஏறிவிட்டது. அசல் பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: அடியில் மட்டும் கனம், மேலே தக்கை.

இரண்டாவது ராஜாவுக்கு அடிக்கிண்ணத்தில் மட்டும் கான்கிரீட் நிரப்பினோம். இடுப்புக்கு மேலே மூங்கில் சிம்பும் சாக்கும் சேர்த்து மெல்லிய பூச்சு. கிரீடம் வெறும் காகிதக்கூழ். இப்போது தள்ளினால் எழுந்து வந்து தள்ளியவனையே முட்டுகிறார். அதனால் சுற்றிலும் நாலடிக்கு மணல் கொட்டி, அடிக்கிண்ணம் நகராதபடி ஒரு வட்டக் குழியும் போட்டோம். சின்னப் பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள். கான்கிரீட் கிண்ணம் கால்விரலில் ஏறினால் விளையாட்டு முடிந்துவிடும்.

அனுமதி யாரிடம் வாங்குவது? நாற்சந்தியில் வைக்கலாமா?
– இளைஞர் மன்றத்தினர், தேனி மாவட்டம்

நாற்சந்தி வேண்டாம் தம்பிகளா. சாலை, நடைபாதை போன்ற பொது இடங்களில் சிலை வைக்க அனுமதி தரக்கூடாதென்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அதுபோக, நம் ஊர்களில் நாற்சந்திச் சிலைக்கு என்ன நடக்கிறது? யாராவது சேதப்படுத்தி, கலவரம் வந்து, கம்பிக்கூண்டு போட்டு, ஒரு போலீஸ்காரரை நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். தலைவர்களுக்கே அந்தக் கதி.

பள்ளிக்கூடம், நூலகம், கோயில் திடல், யாராவது கொடுக்கும் காலி மனை இதில் ஒன்றைப் பாருங்கள். பொறுப்பில் உள்ளவரிடம் எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. பரட்டை நின்றது பள்ளி வளாகத்துக்குள்தான். சுற்றுச்சுவரும் புயலில் விழுந்திருந்ததால் தெருவில் நிற்பது போலத் தெரியும். பிறகு சுவரை எடுத்துக் கட்டியபோது, பிள்ளைகள் கெஞ்சியதால் கொத்தனார் அந்த இடத்தில் மட்டும் அகலமாக இடைவெளி விட்டு கிரில் வைத்தார். கடைசியில் பரட்டைக்கும் கூண்டு வந்துவிட்டது, பாருங்கள்.

காகிதக்கூழில் முகமூடிகள் செய்தோம். ஒரே மாதத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஏன்?
– ஆசிரியை, நாகர்கோவில்

கனமாக அப்பியிருப்பீர்கள். மேல்தோல் காய்ந்து, உள்ளே ஈரம் நின்றிருக்கும். மைதா பசை சேர்த்திருந்தால் பூஞ்சைக்கு விருந்துச் சாப்பாடு.

உங்கள் பாட்டி முறத்துக்கும் கூடைக்கும் பூசினாரே, அதே முறைதான். காகிதத்தைக் கிழித்து மூன்று நாள் ஊறப்போடுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்து, காகிதத்தோடு சேர்த்து ஆட்டுங்கள். நான் இரண்டு கிலோ காகிதத்துக்குக் கால் கிலோ வெந்தயம் போடுவேன். கவிழ்த்த பானைமேல் எண்ணெய் தடவி, தோசைக் கனத்துக்கு ஒரு பூச்சு. அது நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. தட்டினால் 'டொக்' என்று கேட்க வேண்டும். மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி வராது என்பார்கள். அது விஷம் அம்மா, பிள்ளைகள் கை வைக்கும் கூழில் அதைச் சேர்க்காதீர்கள். மாசி, பங்குனி வெயில் போதும். ஐப்பசியில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

மழையில் கரைவதற்கும் கறையான் தின்பதற்கும் இத்தனை உழைப்பா? நிலைத்து நிற்கும்படி கல்லில் செய்யக்கூடாதா?
– வாசகர், ஈரோடு

வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் படுகளம் பார்த்திருக்கிறீர்களா? பாரதம் முடிகிற நாளில் திடலில் மண்ணைக் குவித்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனைச் செய்வார்கள். ஆள் ஏறி நடக்கும் அளவுக்குப் பெரிய உடம்பு. மீசை முறுக்கி, கண் திறந்து, வண்ணம் பூசிக் கிடப்பான். பீமன் வேடக்காரர் தொடையில் அடிக்க, உள்ளே வைத்த சிவப்புச் சாயம் கொட்டும். திரௌபதி கூந்தலை முடிப்பாள். அத்தனையும் ஒரு பகல் பொழுதுதான். அடுத்த மழைக்கு அது மறுபடி வெறும் தரை. வருகிற வருஷம் திரும்பவும் மண் சுமப்பார்கள். அதனால்தான் பத்து வயதுப் பையனுக்கும் துரியோதனனின் காது எங்கே வரவேண்டும் என்று தெரிந்திருக்கிறது. கல்லில் செய்து வைத்திருந்தால் அவனுக்கு என்ன வேலை? தூசி தட்டலாம்.

சரி, கல்லில் செய்ய ஆசை இருந்தால் செய்யுங்கள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. கல்லுக்கும் உளிக்கும் கூலிக்கும் கணக்குப் போட்டுவிட்டு எழுதுங்கள்.

பரட்டை இப்போது எப்படி இருக்கிறார்? பார்க்க வரலாமா?
– வாசகி, காரைக்குடி

இல்லை அம்மா. தென்னை வெட்டவெளியில் அதிக நாள் தாங்காது. இரண்டாம் வருஷம் கண்குழியில் மைனா கூடு வைத்தது, ஆகவே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டோம். பிறகு அடியில் கறையான். 2022 ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி, சத்தமில்லாமல் உட்கார்ந்த மாதிரி சரிந்துவிட்டார். உள்ளே வெறும் தூள்.

வெளி ஓடும் வேர்க்கட்டையும் நன்றாகக் காய்ந்திருந்தன. நெல் அவிக்க ஆகும் என்று ஒருவர் கேட்டு வாங்கி, பேரனோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். விபூதி பூசிய பாட்டிதான். கண்ணாடி என் மேசையில் இருக்கிறது, இடது பக்கக் காது இல்லை.