ஜாஸ் பேஸ் வகை கிட்டாரில் இரண்டு பிக்கப்பையும் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காயில்) சீரிஸாக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, மாற்ற ஒரு சுவிட்ச் வைக்கலாமா? எப்படி இணைப்பது?

தாராளமாக வைக்கலாம். பேஸ் வயரிங்கில் செய்யும் மாற்றங்களில் மேடையில் உண்மையாகவே கைகொடுப்பது இது ஒன்றுதான் என்பது என் எண்ணம். என் பேஸிலும் இதுதான் இருக்கிறது.

ஜாஸ் பேஸில் இரண்டு சிங்கிள் காயில் பிக்கப்புகளும் பேரலலாக, அதாவது பக்கம் பக்கமாக, இணைந்திருக்கும். ஒவ்வொன்றும் 7.5 கிலோ ஓம் என்றால் பேரலலில் மொத்தம் 3.75, சீரிஸில் 15. இண்டக்டன்ஸும் (மின்னோட்ட மாற்றத்தைக் காயில் எதிர்க்கும் அளவு) கூடவே ஏறுவதால் சத்தம் கூடும், மிட் (நடு ஸ்தாயி ஒலி) தடிக்கும், மேலே உள்ள பளபளப்பு குறையும். 1957-இல் வந்த பிரெசிஷன் பேஸின் ஸ்பிளிட் பிக்கப்பிலும் இரண்டு பாதிகள் சீரிஸில்தான் இருக்கின்றன. அதற்காக அதே ஒலி கிடைத்துவிடாது, பிக்கப் உட்கார்ந்திருக்கும் இடம் வேறு.

சுவிட்சில் ஆறு கால் உள்ள புஷ்-புல் பாட் (இழுத்தால் சுவிட்சாகவும் வேலை செய்யும் குமிழ்) வாங்கி, இருக்கும் குமிழ் ஒன்றுக்குப் பதிலாக மாட்டுங்கள், உடம்பில் புது ஓட்டை போட வேண்டியதில்லை. சுவிட்சின் நடுக்கால் ஒன்றில் பிரிட்ஜ் பிக்கப்பின் (கம்பி முடியும் பக்கம் இருப்பது) நெகட்டிவ், மற்ற நடுக்காலில் நெக் பிக்கப்பின் (கழுத்துப் பக்கம் இருப்பது) பாசிட்டிவ். ஒரு பக்கக் கால்கள் இரண்டையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டால் அது சீரிஸ். எதிர்ப்பக்கத்தில் பிரிட்ஜ் நெகட்டிவுக்கு நேரான கால் கிரவுண்டுக்கும், மற்றது நெக் வால்யூம் பாட்டின் நடுக்காலுக்கும் போக வேண்டும். அது பழைய பேரலல். மற்ற வயர்களைத் தொட வேண்டாம். சீரிஸில் நெக் வால்யூம் வேலை செய்யாது, பிரிட்ஜ் வால்யூமே இரண்டுக்கும் சேர்த்து மாஸ்டர் ஆகிவிடும்.

பலரும் கோட்டை விடுவது சோல்டரிங்கில் இல்லை, கிரவுண்டில். பிரிட்ஜ் பிக்கப்பின் நெகட்டிவோடு அதன் உலோக மூடியோ ஷீல்டோ சேர்ந்திருந்தால், சீரிஸில் அதுவும் கிரவுண்டிலிருந்து பிரிந்துவிடும். தொட்டால் இரையும். அதைப் பிரித்து, தனி வயரில் கிரவுண்டுக்குக் கொண்டுபோங்கள்.

அப்புறம் ஃபேஸ், அதாவது இரண்டு பிக்கப்பின் சிக்னலும் ஒரே திசையில் ஏறி இறங்குகிறதா என்பது. ஊசி மல்டிமீட்டரைப் பிக்கப்பில் மாட்டி, ஸ்க்ரூடிரைவரைக் காந்த முனையில் வைத்துச் சட்டென்று எடுங்கள். இரண்டு பிக்கப்பிலும் ஊசி ஒரே பக்கம் துள்ள வேண்டும். எதிரெதிராகத் துள்ளினால் ஒரு பிக்கப்பின் இரண்டு வயர்களை மாற்றிப் போடுங்கள். இல்லாவிட்டால் கீழ் ஸ்தாயி ஒலியே காணாமல் போய் ஒலி மெலிந்து மூக்கடைத்த மாதிரி இருக்கும். இந்த ஒலிக்காகவே தனியாக ஃபேஸ் சுவிட்ச் வைப்பவர்களும் உண்டு, பேஸில் அது எதற்கென்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஒன்று நேர்ச் சுற்று, மற்றது எதிர்ச் சுற்றும் எதிர்க் காந்தமுமாக உள்ள ஜோடி என்றால் இன்னொரு லாபம் உண்டு. பேரலலில் இரண்டு வால்யூமும் சமமாக இருந்தால்தான் ஹம் (மின் இரைச்சல்) அடங்கும். சீரிஸில் இரண்டும் எப்போதும் முழுதாக ஓடுவதால் வால்யூமை எங்கே வைத்தாலும் அடங்கியே இருக்கும்.

இதெல்லாம் பேட்டரி இல்லாத பாஸிவ் பிக்கப்புக்கு. பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்பை இப்படிக் கோக்க முடியாது.